வீரராசேந்திர சோழன் மகட்கொடை

தந்தையின் கடன்களுள் மகட்கொடை மிகப் பெரியதாகும். பொருளை இழந்தவன் மீண்டும் ஈட்டலாம்; நாட்டை இழந்தவன் மீண்டும் கொள்ளலாம்; மகளைத் தகாதான் கையிற் கொடுத்தவன் அதனை மீட்டற்கு வழியில்லை. ஆதலின், வலிமிக்க வேந்தன் பெண்வேண்டி வந்தவிடத்துக் கொடுக்க அஞ்சி மறுத்துப் போரேற்ற முதுகுடித் தந்தையர் செயலைத் தொல்காப்பியனார் காஞ்சித்திணையுள் ஒரு துறையாக வைத்தனர். அத்துறை பற்றிய பாட்டுக்கள் புறநானூற்றிலும் பலவுள. மறுத்த தந்தையர் நிலை அதுவாக, அஞ்சத்தக்க பகைவனொருவனுக்குத் தன் மகளை மனமுவந்து கொடுத்த சோழ வேந்தன் ஒருவன் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவன் தில்லைக் கூத்தப்பிரானிடத்துப் பேரன்பு பூண்டவனாதலின், அவன் வரலாறு சைவமக்கள் அறிதற்குரியதே யாகும்.

வீரராசேந்திரன் கங்கைகொண்ட சோழனாகிய முதல் இராசேந்திரன் மக்களுள் ஒருவன். இவன் தமையனாகிய முதல் இராசாதிராசன் கி.பி. 1054-இல் கொப்பத்துப் போர்க்களத்தில் யானைமேலிருந்தபடியே மேலைச் சளுக்கியர் படையால் உயிர் துறந்தான். மற்றொரு தமையனாகிய இரண்டாம் இராசேந்திரன் அக்களத்திலேயே முடிசூடிப் போரை வென்று முடித்தான். அவனுக்குப்பின் கி.பி. 1063-இல் வீரராசேந்திரன் அரசு கட்டில் ஏறினான். ஆகவே, சளுக்கியரென்றால் தன் தமையனைக் கொன்ற குலத்தார் என்னும் நினைவோடு அவன் ஆட்சி தொடங்கிற்றென்பதை நாம் மறத்தலாகாது.

அக்காலத்துக் கல்யாணபுரத்திலிருந்து ஆண்டவன் முதலாம் சோமேச்சுரன். அவனை ஆகவமல்லன் என்று கல்வெட்டுக்கள் கூறும். அவன் மக்கள் சோமேச்சுரன், விக்கிரமாதித்தன், சயசிங்கன் என்போர். அவருள் நடுவனாகிய விக்கிரமாதித்தனே வீரத்தாலும் சூழ்ச்சியாலும் மிக்கவன். தமிழ்க் கல்வெட்டுக்கள் அவனை விக்கலன் என்று குறிக்கும். கங்கபாடியிற் புகுந்த அவ்விக்கலனைத் துங்கபத்திரைக்கு அப்பால் துரத்தியது வீரராசேந்திரன் மெய்க்கீர்த்தியில் முதற்கண் எடுத்தோதப்பெறும் வெற்றியாகும். பின்னர் வேங்கிநாட்டிற் சோழர்படை சாமுண்டராயன் என்னும் சளுக்கிய தண்டநாயகனைக் கொன்று, இருகையன் மனைவியாகிய அவன் மகள் நாகலை என்பாளை மூக்கரிந்தது. அதன்மேற் கூடற்சங்கமத்தில் நிகழ்ந்த பெரும்போரில் ஆகவமல்லனும் அவன் மக்களும் புறங்காட்டினர்; அவன் தேவியரும், வராகக் கொடியும், புட்பகம் என்னும் பிடியும் சோழர் கைப்பட்டன. இவ்வெற்றிகளால் வீரராசேந்திரன் ஆகவமல்ல குலகாலன் என்னும் பட்டம் புனைந்தான்.

நாகலைக்கு நேர்ந்ததை மெய்க்கீர்த்தி வெற்றியாகவே எண்ணுகின்றது. நாம் அங்ஙனம் எண்ணுதற்கில்லை. பகைவன் மகளென்னும் ஒன்றே காரணமாக ஒரு பெண் உறுப்பிழந்தாளென்பது சிவநெறி நிற்பார் எவரும் உவக்கத்தக்கதன்று. அதனை ஈண்டு எடுத்துரைத்தது பிறிதொரு காரணம் பற்றி. பகையரசர் கையகப்பட்ட மகளிர்க்கு எது நேரும் என்பது வீரராசேந்திரன் பிறர்சொல்லக் கேட்டறிந்த செய்தியன்று. தன் படை செய்ததாகத் தன் கல்லிலேயே வெட்டுவித்த செய்தி. அதனை நன்கறிந்த அவனே சின்னாளில் தன் மகளை அந்நாட்டிற்கு அனுப்ப இசைந்தான்.

இவ்வேந்தன் போர் ஒன்றையே தொழிலாகக் கொண்டவனல்லன். திருமுக்கூடற் கல்வெட்டு, அவன்காலத்து ஆங்கிருந்த கல்விச்சாலையையும், வீரசோழன் என்னும் பெயரால் 15 படுக்கைகளோடு நடைபெற்ற ஆதுலசாலையையும், அவற்றிற்கு அளந்த நெல்லையும் விரித்துரைக்கின்றது. புத்தமித்திரனார் இயற்றிய இலக்கணநூல் இவன் பெயரால் வீரசோழியம் என வழங்குகின்றது. தில்லைப் பொன்னம்பலத்தாடும் பெருமானுக்குத் திரைலோக்கியசாரம் என்னும் மாணிக்கத்தை இவன் சாத்திய செய்தி சாராலச் செப்பேடுகளிற் காணப்படும். மூவுலகின் சாரம் என்று பெயர்பெற்ற மணியைத் தன் முடியில் வைத்துக்கொள்ளாது இறைவன்பாற் சேர்த்தானென்பது அவன் உள்ளப்பாங்கினைக் காட்டும்.

கி.பி. 1068-இல் ஆகவமல்லன் தீராநோய் வாய்ப்பட்டுத் துங்கபத்திரைப் புனலிற் புகுந்து பரமயோக முறையில் உயிர்நீத்தான். மூத்தமகன் இரண்டாம் சோமேச்சுரன் பட்டம் பெற்றான். அவனுக்கும் விக்கிரமாதித்தனுக்கும் விரைவிற் பிணக்கு நேர்ந்தது. வீரராசேந்திரன் அச்செவ்வி நோக்கிப் படையெடுத்துக் கம்பிலி நகரை எரியூட்டிக் கரடிக்கல்லில் வெற்றித்தூண் நாட்டினான். இந்நிலையில் விக்கிரமாதித்தன் தமையனைப் பிரிந்து சோழன்பால் வந்தான். சோழன் அவனுக்குக் கண்டிகை சூட்டி ஏழரை இலக்கம் இரட்டபாடி நாட்டை அளித்தானென்று சோழர் கல்வெட்டுக் கூறும். துங்கபத்திரைக் கரையில் தன் மகளையும் அவனுக்கு மணஞ்செய்வித்தான்.

விக்கிரமாதித்தன் அவைக்களப் புலவராகிய காசுமீரத்துப் பில்கணர் தாம் வடமொழியிற் பாடிய விக்கிரமாங்கதேவ சரிதத்துள், சோழன் அஞ்சித் தூதுவிடுத்து மகளைக் கொடுப்பதாகச் சொன்னானென்பர். சோழர் கல்வெட்டோ விக்கிரமாதித்தனே அடைக்கலம் புக்கானென்னும். தத்தம் அரசர் பெருமையை இருசாராரும் பேசுதல் இயல்பே. இருவர் கூற்றானும் புலப்படுவது யாதெனின், பகைவராயிருந்த இருவரும் ஓராற்றங்கரையில் உடன்பட்டனர் என்பதாம். அச்சத்தாற் கொடுத்தான் என்பது பொருந்துமாறில்லை. களந்தோறும் தான் புறங்கண்ட ஒருவன், அதிலும் தமையனைப் பகைத்துத் தனித்து நின்றவன், சோழனை அச்சுறுத்தும் நிலையில் இருந்தானல்லன்.

அங்ஙனமாயின் அவன் கொடுத்தமைக்குக் காரணம் யாது? விக்கிரமாதித்தனிடத்து அஞ்சத்தக்கன பலவிருந்தன. உடன்பிறந்தானோடு ஒத்து வாழாதவன் மாமனோடு ஒத்து வாழ்வானென்பதற்கு உறுதி யாது என்று எவரும் வினவுவர். நாகலையின் துயரையும் கூடலிற் சிறைப்பட்ட தேவியரையும் அந்நாட்டார் மறந்திருத்தற்கில்லை. இவற்றையெல்லாம் ஒருதட்டில் வைத்து, மறுதட்டில் வீரராசேந்திரன் வைத்தது அவனுடைய அப்போதைய நிலைமையை எனக் கருதுகின்றோம். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது என்பது நம் சித்தாந்த நூற்றுணிபு. ஒருவன் தீயனோ நல்லனோ என்பதை மட்டும் நோக்காது, அவன் எதனைச் சார்ந்து நிற்கின்றான், இனி எதனைச் சார்வான் என்பதையும் நோக்கல்வேண்டும். தந்தையை இழந்து, தமையனைப் பிரிந்து, சார்பின்றி நின்ற ஆண்மையாளனொருவனுக்குச் சோழர்குலமே சார்பாயிற்று. நாடளித்தது மட்டுமாயின் அச்சார்பு நாட்டோடு நின்றிருக்கும். மகட்கொடையால் அஃது உறவாயிற்று. வீரராசேந்திரன் மதித்தது இதுவே போலும்.

இம்மதிப்புப் பிழையாயிற்றோ என்பதைப் பின்நிகழ்ச்சிகள் காட்டும். கி.பி. 1070-இல் வீரராசேந்திரன் இறந்தான். உடனே சோழநாட்டிற் கலகம் மூண்டது. மாமன் இறந்ததும் மருமகன் அந்நாட்டைக் கைப்பற்ற முயன்றிருப்பின் அதுவே அவனுக்கு உற்ற செவ்வியாகும். அவன் அது செய்திலன். பில்கணர் கூறுமாறு, காஞ்சிக்கு விரைந்துவந்து கலகம் அடக்கிக் கங்கைகொண்ட சோழபுரம் சென்று, தன் மைத்துனனாகிய அதிராசேந்திரனை அரியணையில் அமர்த்தி, ஒருதிங்கள் உடனிருந்து காத்துப் பின்னரே தன்னாடு மீண்டான். அஞ்சத்தக்கவனென்று எண்ணப்பட்டவன் கொடுத்த சொல்லைக் காத்தான்.

ஆயினும் வீரராசேந்திரன் கருதியது நிலைபெறவில்லை. விக்கிரமாதித்தன் துங்கபத்திரையை அடைந்த சின்னாளில், மீண்டும் எழுந்த கலகத்தில் அதிராசேந்திரன் உயிரிழந்தான். வேங்கிச் சளுக்கியர் குலத்து இராசேந்திரன் சோழர் அரியணை ஏறினான். அவனே முதற்குலோத்துங்க சோழன். விசயாலயன் முதலாகத் தந்தைவழியில் வந்த சோழர்மரபு அத்துடன் முடிவுற்றது.

குலோத்துங்கன் யாவன் என்பதை நோக்குவார்க்கு ஒருண்மை புலனாகும். முதல் இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கி விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர் மகன் இராசராச நரேந்திரனுக்கு முதல் இராசேந்திரன் தன் மகள் அம்மங்கதேவியைக் கொடுத்தான். அம்மங்கதேவி வயிற்றிற் பிறந்தவனே குலோத்துங்கன். அவனுக்கு இரண்டாம் இராசேந்திரன் தன் மகள் மதுராந்தகியைக் கொடுத்தான். ஆகவே அவன் வீரராசேந்திரனுக்கு உடன்பிறந்தாள் மகன். தமையன் மகளை மணந்தவனும் ஆவன். தமிழில் மருமகன் என்னுஞ் சொல் மகளை மணந்தானையும் குறிக்கும். உடன்பிறந்தாள் மகனையும் குறிக்கும். வீரராசேந்திரனுக்கு இவ்விருவகை மருமகனும் இருந்தனர். பகைக்குலத்து மருமகனை அவன் ஆராய்ந்து அணைத்துக்கொண்டான். சொந்தக்குலத்து மருமகனை ஆராய்ந்திலன். அவனுக்குத் தந்தைவழி வரத்தக்க வேங்கிநாட்டை, அடைக்கலம் புகுந்த அவன் சிறியதந்தை விசயாதித்தனுக்கு அளித்துவிட்டான். அச்சத்திற்கு இடமின்றி நல்லுறவாக மூன்று தலைமுறை செய்த மகட்கொடையிலிருந்து சோழமரபின் முடிவு வந்தது; அச்சத்தோடு செய்த மகட்கொடையிலிருந்தன்று.

இதனால் விக்கிரமாதித்தன் தீங்கற்றவன் என்று நாம் கூறவந்தோமல்லேம். கி.பி. 1076-இல் தன் தமையனைப் போரில் வென்று சிறையிலிட்டு அரசு கொண்டவன் அவன். அப்போரிற் குலோத்துங்கன் சோமேச்சுரனுக்குத் துணைநின்றான். வெற்றி தமதென்று இருநாட்டாரும் எழுதிவைத்தனர். சாளுக்கிய விக்கிரம ஆண்டு என்னும் புதிய ஆண்டுக்கணக்கை அவன் தொடங்கிக் கி.பி. 1126 வரை 50 ஆண்டு ஆண்டான். மாமனுக்கு வாய்மை காத்தவனும் தமையனைச் சிறையிட்டவனும் ஒருவனே. மனிதர் இயல்பு இவ்வாறு கலந்தே காணப்படுதலின், ஒருவனை ஒருசொல்லால் நல்லன் என்றோ தீயன் என்றோ வரையறுத்தல் தந்தையர்க்கு எஞ்ஞான்றும் அரிதே.

இனி, வீரராசேந்திரன் எண்ணாத வேறொரு பயனும் விளைந்தது. விக்கிரமாதித்தன் ஆட்சியிற் பள்ளிகாவே நகரத்துக் கேதாரேச்சுரர் கோயிலைச் சார்ந்த கோடியமடம் காளாமுக சைவாசாரியர்கள் தலைமையில் ஓங்கிக் கல்வியும் அன்னதானமும் நடத்திற்று. குலோத்துங்கனோ சுங்கந்தவிர்த்தவன் என்று பேர்பெற்றுச் சோழநாட்டை ஏறத்தாழ 50 ஆண்டு புரந்தான். அவன்காலத்தும் அவன் மகன் விக்கிரமசோழன்காலத்தும் தில்லைத் திருப்பணிகள் பல்கின. அவர்தம் தலைவனாகிய நரலோகவீரன் மூவர் பதிகங்களைச் செப்பேடுகளில் எழுதுவித்தான். வீரராசேந்திரன் தன் மகன் தலையில் நிலைக்கவேண்டும் என்று காத்த முடி நிலைக்கவில்லை. அவன் மாணிக்கம் சாத்தி வழிபட்ட பெருமானுக்குரிய தொண்டோ, அவன் ஒதுக்கிவைத்த மருமகன் ஆட்சியிலேயே வளர்ந்தது.

வீரராசேந்திரன் தன் மகள்திறத்துச் செய்த தீர்ப்பை யாம் குறைகூறேம். ஒரு தந்தை ஆராயக்கூடிய அளவும் அவன் ஆராய்ந்தான். அவன் தேர்ந்த ஆண்மகன் அவன் நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை. ஆனால், அச்சம் எப்பக்கத்திலிருந்து வருமென்று அவன் நோக்கினானோ அப்பக்கத்திலிருந்து வந்திலது. உயிரினறிவு காட்டக் காணும் இயல்பிற்றாதலின், ஒருதிசை நோக்குங்கால் மறுதிசை அதற்கு மறைந்தே நிற்கும். இதனை உணர்ந்த தந்தை ஆராய்ச்சியைக் கைவிடான். ஆராய்ந்து செய்தபின் பயனைத் தன்னதென்று இறுகப்பற்றவும் மாட்டான். தன்னிடத்துப் பிறந்தாளைப் பிறன்கையிற் கொடுக்கும் அப்பொழுதிலே, தான் என்னும் முனைப்பு அடங்கி அவளைத் திருவருளின்பால் ஒப்புவித்தல் ஒன்றே தந்தைக்கு எஞ்சிய கடனாகும். அக்கடன் முடிவேந்தர்க்கும் எளிய குடியினர்க்கும் ஒத்ததே யென்க.