மருத்துவர் திவான் சிங்

அபர்டீன் பஜாருக்கு அருகிலுள்ள செல்லுலார் சிறையை நீங்கள் கண்டிருப்பீர்கள். மருத்துவர் திவான் சிங் அங்குதான் உயிர் நீத்தார்.

பஞ்சாபிக் கவிஞரான அவர், 1927ஆம் ஆண்டு மருத்துவராக அந்தமானுக்கு வந்தார். பிறந்த மண் தொலைவில் இருப்பினும், தீவு மக்களையே தம் சுற்றமாகக் கருதினார்.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை தீவுகளைக் கைப்பற்றியது. இந்திய சுதந்திர லீக்கின் உள்ளூர்த் தலைவராயிருந்த திவான் சிங், மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைத் தட்டிக் கேட்டார். சீக்கியர் வழிபடும் குருத்வாராவை ஒப்படைக்குமாறு படையினர் வற்புறுத்தியபோது மறுத்தார். 1943 அக்டோபரில் அவரை ஒற்றர் எனப் பழி சுமத்திச் சிறையிலிட்டனர். 82 நாள் வதைத்தும், செய்யாத குற்றத்தை அவர் ஒப்பவில்லை. 1944 ஜனவரி 14 அன்று அவர் உயிர் பிரிந்தது.

அவர் பெயர் தாங்கிய குருத்வாரா போர்ட் பிளேரில் இன்றும் உள்ளது. இடர் வருங்கால் மக்களுக்கு முன்னே நிற்பவரே தலைவர்.