ஒளியின் இயல்பறிந்தவர்

இங்கிலாந்தில் பிறந்த லின்னேயஸ் டிரைப் (1822 - 1902), கிழக்கிந்தியக் கும்பினியின் படை அலுவலர். விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது ஒளிப்படக்கலையைப் பயின்றார். 1856ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பெற்றார். 1858இல் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையையும் திருவரங்கக் கோயிலையும் படமெடுத்தார்.

கதிரவனே அவருக்கு விளக்கு. வேதிப்பொருள் பூசிய தாளிலும் கண்ணாடியிலும் காட்சி பதிய நெடுநேரம் ஆயிற்று. அதற்குள் அசைந்தோர் உருவம் மங்கி மறைந்தது. நீலநிற ஒளி மிகையாகப் பதிந்ததால் வானம் வெறுமையாகத் தோன்றியது. அக்குறையைப் போக்க, மூலப்படிவத்தின்மீது நிறமி தீட்டி முகில்களை உருவாக்கினார்.

பின்னர், சிக்கனம் கருதி அரசு அப்பணியை நிறுத்தியது. அதன்பின் அவர் படமெடுத்தது மிகக் குறைவு. எனினும், ஒளியின் இயல்பறிந்து அவர் பதித்த காட்சிகள், 160 ஆண்டுகளுக்கு முந்தைய நம் ஊர்களை இன்றும் நம் கண்முன் நிறுத்துகின்றன.