வைஃபைக்கு வழிபோட்ட பேராசிரியர்: யார் இந்த ஜெகதீஷ் சந்திர போஸ்?

திருப்பூர் பனியன் கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் கையடக்க ஸ்கேனர் பார்கோடைப் படித்ததும், விவரம் ஒயரே இல்லாமல் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். உள்ளேயே வைஃபை உள்ள இந்தக் கருவிகள் பரவியது 1990-களுக்குப் பிறகுதான். ஆனால், சுவரைத் தாண்டி அலையை அனுப்பலாம் என்று 1895-லேயே கொல்கத்தாவில் செய்து காட்டியவர் ஜெகதீஷ் சந்திர போஸ்.

சம்பளம் வேண்டாம்!

1858-ல் இன்றைய வங்கதேசத்தின் மைமன்சிங் பகுதியில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். வேலை ஒன்றுதான், ஆனா, வெள்ளைக்காரரைவிட இந்தியருக்குச் சம்பளம் குறைவு. போஸ் வேலையை விடவில்லை. 3 ஆண்டுகள் பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது.

மணி அடித்த அலை

நல்ல ஆய்வகம்கூட இல்லாத இடத்தில் கருவிகளைத் தானே உருவாக்கினார். டவுன் ஹாலில் அவர் அனுப்பிய அலை, சுவரைக் கடந்து மணியை அடித்தது, வெடிமருந்தையும் பற்றவைத்தது.

காசு பார்த்தாரா?

இல்லை. கண்டுபிடிப்பை விற்பதில் அவருக்கு விருப்பமே கிடையாது. நண்பர்கள் வற்புறுத்தியதால்தான் விண்ணப்பித்தார். கலீனா படிகத்தால் அலையை உணரும் கருவிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வியாபாரமும் 1909 நோபல் பரிசும் மார்க்கோனி பக்கம் போயின.

1917-ல் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர், 1937-ல் மறைந்தார். அவருடைய மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை 2012-ல் சர்வதேசப் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ ‘மைல்கல்’ என அங்கீகரித்தது. அவர் அன்று தொட்ட 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இன்று ஒருவகை அதிவேக வைஃபை ஓடுகிறது.