விழுந்த பல்லை மீண்டும் நட்ட மேதை

பல் போனால் சொல் போச்சு என்பது நம் நாட்டுப் பழமொழி. எழுத்துகள் பிறக்கும் முறையைக் கூற வந்த தொல்காப்பியரும் பல்லை ஒலியுறுப்புகளுள் ஒன்றாக எண்ணினார். முன்பல் இழந்த மாணவன் வகுப்பில் வாய்விட்டுப் படிக்கக் கூசி நிற்பதைக் கண்ட ஆசிரியர்கள் இப்பழமொழியின் உண்மையை நன்கறிவர்.

இன்று மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு முதலிய பகுதிகளில் தெருவுக்குத் தெரு பல் மருத்துவமனைகள் உள்ளன. இழந்த பல்லுக்கு ஈடாக உலோக வேர் பொருத்துவதும், பக்கத்துப் பற்களைத் துணையாகக் கொண்டு பாலம் அமைப்பதும் பலரும் அறிந்தவை. பலரும் அறியாத முறை ஒன்றும் உண்டு. நோயாளியின் வாயிலேயே பயனின்றிக் கிடக்கும் ஒரு பல்லை வேரோடு எடுத்து, இழந்த பல்லின் இடத்தில் நடுவதே அது. நாற்றங்காலில் பறித்த நாற்றை வயலில் நடுவதற்கு இதனை ஒப்பிடலாம். இதற்கு முன்னோடியான ஒரு சிகிச்சையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நூலில் பதிவுசெய்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. அம்மேதையின் வாழ்வையும் பணியையும் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் சூழலும்

முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில் குர்துபா நகருக்கு அருகே மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் எழில்நகரை எழுப்பும் பணியைக் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் கி.பி. 936-இல் தொடங்கினார். அந்நகரின் பெயரே அஸ்ஸஹ்ராவி என்னும் அடைமொழியாக நம் மேதையின் பெயரில் நிலைத்தது. அவர் பிறந்த ஆண்டும் ஏறத்தாழ 936 என்பர். அன்ஸாரி என்ற பெயர், அவர்தம் குடும்பம் மதீனத்து அன்ஸாரிகளின் வழிவந்தது என்பதைக் குறிக்கும். கி.பி. 961 முதல் 976 வரை ஆண்ட இரண்டாம் ஹகம் நூல்களைத் திரட்டுவதில் பெருவேட்கை கொண்டவர். அத்தகைய அறிவுச் சூழலிலேயே அஸ்ஸஹ்ராவி மருத்துவம் பயின்றார், நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தார், மாணவர்களுக்குக் கற்பித்தார்.

அத்தஸ்ரீஃப் என்னும் பெருநூல்

தம் வாழ்நாள் அனுபவத்தையெல்லாம் திரட்டி அவர் படைத்த நூலே அத்தஸ்ரீஃப். ஏறத்தாழ கி.பி. 1000-இல் நிறைவுற்ற இந்நூல் 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்கள் அதில் இடம்பெற்றுள்ளன. கருவியின் வடிவத்தை மாணவன் கண்ணால் கண்டு கொல்லனிடம் செய்வித்துக்கொள்ள இப்படங்கள் துணைநின்றன. தம் மாணவர்களைப் பெற்ற மக்களைப் போல் அவர் அழைத்து எழுதியிருப்பது அவர்தம் ஆசிரிய உள்ளத்தைக் காட்டும்.

பல் மருத்துவப் பணி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குவதைப் பெரிதும் வலியுறுத்தினார்கள். அவ்வழி வந்த சமுதாயத்தில் தோன்றிய இம்மருத்துவர் பல்லைச் சிறிய உறுப்பென்று ஒதுக்கவில்லை. பற்களில் படியும் காரையைச் சுரண்டி எடுப்பதற்கெனப் பலவகைச் சுரண்டிகளை அவர் வரைந்து காட்டினார்.

பல்லைப் பிடுங்குவதில் அவசரம் கூடாது என்பது அவர் கொள்கை. வலி நோயாளியை ஏமாற்றக்கூடும். நோயுற்ற பல் ஒன்றாக இருக்க, நல்ல பல்லையே அவன் சுட்டக்கூடும். அதனை நம்பி அறியாத நாவிதர் நல்ல பல்லைப் பிடுங்கிவிட, வலி அப்படியே நிற்கும். இத்தகைய தவற்றைக் கண்டறிந்து எச்சரித்தவர் அவர்.

ஆடும் பற்களை உறுதியான பற்களோடு பொன்கம்பியால் பிணைக்கும் முறையை அவர் விளக்கினார். வெள்ளி சில நாள்களில் நிறம் மாறிக் கெடும்; பொன் மாறாது என்பதால் பொன்னையே சிறந்ததெனக் கொண்டார். பல் விழுந்துவிட்டால் அதனைப் பற்குழியில் மீண்டும் வைத்து, அவ்வாறே கம்பியால் பிணைத்து நிலைக்கச் செய்யலாம் என்றார். கைத்திறம் வாய்ந்தவரே இதனைச் செய்ய வேண்டும் என்றும் வரையறுத்தார். விழுந்த பல் கிடைக்காதபோது மாட்டெலும்பைப் பல்வடிவில் செதுக்கிப் பொருத்தும் வழியையும் கூறினார்.

ஈண்டு ஒன்றை நேர்மையாகக் கூறுதல் வேண்டும். அவர் விழுந்த பல்லை அதே குழியில் மீண்டும் வைத்தார். ஓரிடத்துப் பல்லை எடுத்து வேறிடத்தில் நட்டார் என்று உரிமை கொண்டாடுதல் பொருந்தாது. உள்ளதை உள்ளவாறு கூறினாலே அவர் பெருமை குன்றாது ஒளிரும்.

அவருக்குப் பின்

ஏறத்தாழ கி.பி. 1013-இல் அவர் மறைந்தார் என்பர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே உள்நாட்டுக் கலகத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. நகரம் அழிந்தது, நூல் வாழ்ந்தது. 12-ஆம் நூற்றாண்டில் கிரெமோனா நகரத்து ஜெரார்டு அதன் அறுவைப் பகுதியைத் தொலெதோவில் இலத்தீனில் பெயர்த்தார். அதன்பின் ஐரோப்பிய மருத்துவர்கள் அபுல்காசிஸ் என்ற பெயரில் அவரைப் பல நூற்றாண்டுகள் பயின்றனர்.

18-ஆம் நூற்றாண்டில் இலண்டனில் ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் பல் நடுதலை ஆராய்ந்தார். சேவலின் கொண்டையில் மனிதப் பல்லை நட்டும் பார்த்தார். ஆனால் அக்காலத்தில் செல்வரின் அழகுக்காக ஏழைகளின் பற்கள் விலைக்கு வாங்கிப் பிடுங்கப்பட்டன. அயலார் பல்லை உடல் ஏற்கவில்லை, நோய்களும் தொற்றின. அறமும் மருத்துவமும் ஒருங்கே பிழைத்த இடம் அது.

தன் பல்லைத் தன் உடல் அயலாகக் கருதுவதில்லை. 1950-களில் கடைசிக் கடைவாய்ப்பல்லை, இழந்த முதற் கடைவாய்ப்பல்லின் இடத்தில் நடும் முறை மருத்துவ ஏடுகளில் வெளிவந்தது. பின்னர் ஆஸ்லோ, கோபன்ஹேகன் நகரங்களின் ஆய்வாளர்கள் வெற்றிக்கான காரணத்தைத் தெளிவுபடுத்தினர். வேரைச் சூழ்ந்த மெல்லிய நார்த்திசு உயிரோடிருந்தால் பல் எலும்போடு முறையாகப் பொருந்தும். அது காய்ந்தால் வேர் நாளடைவில் கரையும். வேர் முழுதும் வளராத இளம்பல் எனில் வெற்றி வாய்ப்பு மிகுதி.

இந்தியாவில் பல் மருத்துவக் கல்விக்கு வித்திட்டவரும் ஒரு முஸ்லிமே. டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத் 1920-இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். 1964-இல் பத்மபூஷண் விருது பெற்றார். சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்வி 1953-இல் தொடங்கியது.

நாம் கொள்ள வேண்டியது

விளையாட்டிலோ விபத்திலோ நிலைத்த பல் வேரோடு விழுந்தால் அதனை எறிந்துவிடுவோர் இன்றும் பலர். வேரைத் தொடாமல் பல்லின் மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் சில நொடிகள் மட்டும் நீரில் அலச வேண்டும்; தேய்க்கலாகாது. உடனே குழியில் வைக்க வேண்டும். இயலாவிடில் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரை அடைய வேண்டும். பால்பற்களை மட்டும் இவ்வாறு மீண்டும் வைத்தல் கூடாது.

முன்னோர் பெருமையை மேடையில் பேசுவது எளிது. நல்ல பல்லைப் பிடுங்காதே, விழுந்த பல்லை எறியாதே என்று அஸ்ஸஹ்ராவி காட்டிய நிதானத்தையும் அக்கறையையும் மாணவச் செல்வங்கள் தத்தம் துறையில் கைக்கொள்வதே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும். எல்லாம் வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக.