வெடி வைத்து பூமியை அதிர வைத்த இன்ஜினீயர்: யார் இந்த ராபர்ட் மாலெட்?

2006 டிசம்பர் 8. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் ‘டமால்’ என்று ஒரு சத்தம், கூடவே ஓர் அதிர்வு. ரிக்டர் அளவில் 3.4. பூமிக்கடியில் இருக்கும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க, சுமார் 5 கி.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு தண்ணீரைச் செலுத்தியதுதான் காரணம். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் திட்டம் கைவிடப்பட்டது.

மனிதர்கள் உண்டாக்கும் அதிர்வு எவ்வளவு தூரம் போகும், எப்படிப் பரவும்? இந்தக் கேள்வியோடு 1849-லேயே களத்தில் இறங்கியவர் ராபர்ட் மாலெட்.

இரும்பு ஆலை வாரிசு

1810-ல் டப்ளினில் பிறந்தவர். டிரினிட்டி கல்லூரியில் படித்துவிட்டு அப்பாவின் இரும்பு வார்ப்பு ஆலைக்கு வந்தார். பாலம், கலங்கரை விளக்கம் என்று வேலை ஓடியது. இத்தாலி நிலநடுக்கத்தில் முறுக்கிக்கொண்டு நின்ற கல்தூண்களின் படம் ஒன்று புத்தகத்தில் கண்ணில் பட, அது ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

கடற்கரையில் என்ன செய்தார்?

நிலநடுக்கம் எப்போது வரும் என்று காத்திருக்க முடியாது இல்லையா? அவரே உண்டாக்கினார். டப்ளின் அருகே கில்லைனி கடற்கரை மணலில் வெடிமருந்தைப் புதைத்து வெடித்தார். அரை மைல் தள்ளி, ஒரு கிண்ணத்துப் பாதரசத்தில் தெரிந்த பிம்பம் எப்போது கலங்குகிறது என்று நேரம் குறித்தார்.

மணலில் அதிர்வின் வேகம் நொடிக்கு சுமார் 250 மீட்டர். கருங்கல்லில் சுமார் 500 மீட்டர். பாறைக்கு இது ரொம்பக் குறைவு. பாறையில் இருக்கும் விரிசல்கள்தான் வேகத்தைக் குறைக்கின்றன என்று கணித்தார். அதாவது, அதிர்வு எப்படிப் போகும் என்பதை நம் காலடியில் இருக்கும் நிலமும் தீர்மானிக்கிறது.

நேப்பிள்ஸ் பயணம்

1857 டிசம்பரில் தெற்கு இத்தாலியில் பெரும் நிலநடுக்கம், ஆயிரக்கணக்கானோர் பலி. ராயல் சொசைட்டி தந்த பணத்தில் அங்கே போன மாலெட், இடிந்த ஊர்களில் சுவர் விரிசல்களின் திசையை அளந்து, அதிர்வு கிளம்பிய இடத்தையும் ஆழத்தையும் கணக்கிட்டார். நிலநடுக்கவியலைக் குறிக்கும் ‘சீஸ்மாலஜி’ என்ற சொல்லும் அவர் தந்ததுதான்.

கடைசி ஆண்டுகளில் பார்வை போனது. 1881-ல் லண்டனில் இறந்தார்.

இன்று ஏன் முக்கியம்?

இப்போது வெடிமருந்துக்குப் பதில் கம்ப்யூட்டர் மாடல். ஆனால் ஒரு நகரத்துக்குக் கீழே துளை போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி மாறவில்லை: அங்கே இருப்பது மணலா, பாறையா, விரிசல் விட்ட பாறையா? அதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல், மேலே வசிப்பவர்களின் வீடு எவ்வளவு ஆடும் என்று சொல்ல முடியாது.