இராமச்சந்திரன் வரைந்த படம்

வாட்டிய கொழுந்து இயந்திரத்தில் உருண்டு நசுங்கியதும் பச்சை நிறம் மாறிச் செம்பு நிறம் கொள்வதை அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். அந்த மாற்றத்தை நிகழ்த்துவது இலையினுள் இருக்கும் ஒரு புரதம். புரதத்தின் தொழில் அதன் வடிவத்தைப் பொறுத்தது. இதை என் மாணவருக்குக் கூறும்போதெல்லாம் ஜி. என். இராமச்சந்திரனைப் பற்றியும் கூறாமல் இருக்க என்னால் இயலுவதில்லை.

1922இல் எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று திரும்பிய அவர், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியரானார். அப்போது வயது முப்பதுதான். தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று சங்கிலிகளாலானது என்பதை, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் வெளியிட்டார்.

மேல்நாட்டறிஞர் சிலர் ஒரு குறை கண்டனர். அவருடைய மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருந்தனவாம். வேறொருவராயின் மறுப்புரை எழுதி அமைந்திருப்பார். இவரோ, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். அறியப்பட்ட படிகங்களிலிருந்து தூரங்களைத் திரட்டினார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு திருப்பக் கோணங்கள் உண்டு. எந்தக் கோணச் சேர்க்கையில் அணுக்கள் மோதும், எதில் மோதா என்று கணக்கிட்டு, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் ஒரு படமாக வெளியிட்டார். பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலம். அனுமதிக்கப்பட்டவை சில தீவுகளே.

இப்படத்தின் அருமை பின்னர்தான் புலப்பட்டது. இன்று புதிய புரதமொன்றின் அமைப்பைக் காண, அதை ஒத்த, முன்பே அறியப்பட்ட புரதத்தை இரவல் மாதிரியாகக் கொண்டு எக்ஸ்-கதிர்ப் பதிவுடன் திருப்பியும் நகர்த்தியும் பொருத்துகிறார்கள். இரவல் மாதிரி தன் சாயலையே விடையிலும் பதித்துவிடும். ஆய்வாளர் தாம் வைத்ததையே கண்டதாக மயங்கக்கூடும். இராமச்சந்திரன் படம் மட்டும் இதைத் தீர்த்துவிடாது. நல்ல மாதிரியைத் தவறான இடத்தில் வைத்தாலும் கோணங்கள் தொடக்கத்தில் ஒழுங்காகவே இருக்கும். ஆனால் பதிவுக்கு இசையத் திருத்தும்போது, சங்கிலி பிசகிய இடங்களில் புள்ளிகள் விலக்கப்பட்ட நிலத்தில் விழத் தொடங்கும். அப்புள்ளிகளுக்குக் காரணம் கூற வேண்டியது ஆய்வாளர் பொறுப்பு. பக்கக்கிளையற்ற கிளைசினுக்கு மட்டும் கூடுதல் சலுகை உண்டு.

நோபல் பரிசு அவரை வந்தடையவில்லை. எனக்கு அது பெருங்குறையாகவே படுகிறது. 1971இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவைத் தொடங்கினார். 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார்.