வறட்சியை வயதால் வென்ற கோதுமை மனிதர்

இங்கிலாந்தின் வெஸ்ட்மோர்லாந்து பகுதியில், ஒரு குத்தகை விவசாயியின் மகனாக 1845-ல் பிறந்தவர் வில்லியம் ஃபாரர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, மருத்துவம் பயிலத் தொடங்கியபோது காசநோய் தாக்கியது. வறண்ட காற்று உடலுக்கு நல்லது என்று 1870-ல் ஆஸ்திரேலியா சென்றார். சுரங்கப் பங்குகளில் போட்ட பணம் போயிற்று. பிழைப்புக்காக நில அளவையாளரானார்.

நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதிகளை அளந்த ஆண்டுகளில், அங்கே விளைந்த கோதுமையின் குறை அவருக்குப் புலப்பட்டது. விவசாயிகள் விதைத்தவை பெரும்பாலும் குளிர்நாட்டு வழிவந்த, நீண்ட வயதுடைய ரகங்கள். அவை பால் பிடிக்கும் நேரத்தில் வெப்பக் காற்று வீசும், மணி சுருங்கும். மழை பெய்த ஆண்டிலோ துரு நோய் வரும்.

முன்னதாக விதைத்துத் தப்பிக்கலாமே என்று தோன்றும். ஆனால், கோதுமை குளிர் விரும்பும் பயிர். சூடான, ஈரமற்ற மண்ணில் விதைத்தால் முளைப்பு குறையும். முளைத்து சுமார் 3 வாரத்தில் கிளம்ப வேண்டிய கழுத்து வேர்கள் ஈரமின்றி இறங்காது; தூர்களும் குறையும். நாற்றுப் பருவத்தில் இழந்ததைப் பின்னால் வரும் மழை முழுமையாக ஈடுசெய்யாது. எனவே விதைப்பு நாளை அதிகம் முன்னே தள்ள முடியாது. பயிரின் வயதைத்தான் குறைக்க வேண்டும்.

ஃபாரர் அதைத்தான் செய்தார். 1886-ல் வேலையை விட்டுவிட்டு, முரம்பிட்ஜி ஆற்றங்கரையில் இருந்த தன் லாம்பிரிக் பண்ணையில், சொந்தச் செலவில் ஆய்வைத் தொடங்கினார். மாவுத் தரம் மிக்க கனடாவின் ஃபைஃப் வகையையும், சீக்கிரம் முதிரும் நம் நாட்டு எட்டாவா கோதுமையையும் ஒட்டுச் சேர்த்து 'யாண்டில்லா'வை உருவாக்கினார். அதனுடன் உள்ளூர் 'பர்ப்பிள் ஸ்ட்ரா' ரகத்தைச் சேர்த்ததில் பிறந்தது 'ஃபெடரேஷன்'. மெண்டலின் மரபு விதிகள் உலகின் கவனத்துக்கு வந்தது 1900-ல்தான். ஃபாரர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒட்டுச் சேர்க்கத் தொடங்கிவிட்டார். 1898-ல் அரசு அவரைக் கோதுமை ஆய்வாளராக நியமித்தது.

1901-ல் வெளியான ஃபெடரேஷனுக்குக் கதிர் பழுப்பு நிறம், தண்டு குட்டை. பார்வைக்கு எடுப்பாக இருக்காது. ஆனால் சாயாது, இயந்திர அறுவடைக்கு ஏற்றது, கடும் வெயிலும் துருவும் வருமுன் முதிர்ந்துவிடும். 1902-ல் பெரும் வறட்சியால் அந்நாட்டின் கோதுமை விளைச்சல் பொய்த்துப்போனது. அதன் பிறகு இந்த ரகம் மெல்ல மெல்லப் பரவி, ஆஸ்திரேலியாவில் மிக அதிகமாகப் பயிரிடப்பட்ட கோதுமையானது.

அந்த உச்சத்தை ஃபாரர் பார்க்கவில்லை. 1906 ஏப்ரலில் இதயநோயால் இறந்தார், லாம்பிரிக்கிலேயே புதைக்கப்பட்டார். 60 ஆண்டுகள் கழித்து, 1966-ல் வந்த ஆஸ்திரேலிய 2 டாலர் நோட்டில் அவர் முகமும் கோதுமைக் கதிரும் அச்சாயின.

ஃபெடரேஷன் வறட்சியைத் தாங்கியதைவிட, அதனிடம் சிக்காமல் தப்பியதே அதிகம். எந்தப் பயிரானாலும் விதை வாங்கும்போது மகசூலை மட்டும் கேட்காமல் வயதையும் கேளுங்கள். உங்கள் நிலத்தில் ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்று கணக்கிட்டு, அதற்குள் முதிரும் ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.